டி.டி. எடுத்த காலம்

மே மாதம் பாதி கடந்துவிட்டால், பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் இப்போது பேச்செல்லாம் ஓ.டி.பி., பாஸ்வேர்டு, சர்வர் என்றுதான் ஓடுகிறது. எங்கள் நாளில் இதே மாதத்தில் இதே ஸ்ரீரங்கத்து வீடுகளில் புழங்கிய சொற்கள் வேறு: அட்டெஸ்டேஷன், டி.டி., ரிஜிஸ்டர் தபால், அக்னாலட்ஜ்மென்ட் கார்டு, கோந்து. இவற்றைக் கேட்டதும் விரல் நுனியில் ஒரு பிசுபிசுப்பை உணர்கிறவர்கள் என் வயதுக்காரர்களாக இருப்பார்கள். அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச ஆசை. எங்கள் வீட்டில் மூன்று பேர் ஆஸ்பத்திரிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். 1980-ல் அக்கா, 1991-ல் நான், 2025-ல் அக்காவின் பேத்தி. மூன்றையும் நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

அக்கா காலத்தில் பிளஸ் டூ என்ற படிப்பே புதிதாகத்தான் வந்திருந்தது. பி.யூ.சி. போய், 1978-ல் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இரண்டு வகுப்பு கூடி, அதன் முதல் செட் 1980-ல் பரீட்சை எழுதி வெளியே வந்தபோது அக்கா அதில் இருந்தாள். கீழ அடையவளஞ்சான் வீதியில் அந்த வருஷம் பாஸான பெண்களில் பாதிப் பேருக்கு டைப்ரைட்டிங், பாதிப் பேருக்கு ஜாதகம் என்று ஏற்பாடாகியிருந்த நேரத்தில், அக்கா மட்டும் நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்றாள். பாட்டி அன்று சாப்பிடவில்லை. நர்ஸ் வேலை என்றால் மலையாளத்துப் பெண்கள் செய்வது, கிறிஸ்தவப் பெண்கள் செய்வது, ராத்திரி வெளியே தங்குவது, முன்பின் தெரியாத ஆண்பிள்ளையின் உடம்பைத் தொடுவது என்று பாட்டி வரிசையாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் வீதியில் நாலு பேர் தலையாட்டினார்கள். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். "போன வருஷம் உனக்கு டைபாய்டு வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தாயே, அப்போது உன்னைத் தொட்டுத் தூக்கினது யார்?" என்று பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மறுநாள் விண்ணப்பம் வாங்கப் புத்தூர் போய்விட்டார்.

அந்த விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய சான்றிதழ்களுக்கு நகல் எடுப்பது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை என்று நினைப்பார்கள். ஜெராக்ஸ் மெஷின் அப்போது எங்கள் வீதிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஹையர் பாஸான யாராவது உட்கார்ந்து மூலத்தில் உள்ளதை எழுத்து விடாமல், கட்டம் போட்டு, கார்பன் வைத்து அடித்துக் கொடுப்பார்கள். மேலே 'ட்ரூ காப்பி' என்று ஒரு வரி. அடிக்கிறவரும் சும்மா அடிக்கமாட்டார். ஒவ்வொரு மார்க்காக வாயால் சொல்லிக்கொண்டே அடிப்பார். பக்கத்து மெஷின்களில் பழகிக்கொண்டிருக்கிற பத்துப் பேருக்கும் அக்கா இயற்பியலில் எத்தனை வாங்கினாள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

பிறகு கையெழுத்து. கெஸட்டட் ஆபீசர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பச்சை மையில் கையெழுத்திட்டு, சீல் வைக்க வேண்டும். கீழச்சித்திரை வீதியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் இருந்தார். காலையில் அவர் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து திண்ணையில் உட்காரும் நேரம் எல்லோருக்கும் தெரியும். மே, ஜூனில் அந்தத் திண்ணைக்கு முன்னால் காகிதக் கட்டோடு பிள்ளைகள் நிற்பார்கள். அவர் ஒவ்வொரு சான்றிதழையும் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார், கேள்வி கேட்பார், குறைந்த மார்க்குக்குக் காரணம் கேட்பார். அக்காவிடம், "ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா?" என்றாராம். "தெரியாது டாக்டர், இன்னும் பார்க்கவில்லை" என்றிருக்கிறாள் அக்கா. "நல்ல பதில். வரும் என்று சொல்லியிருந்தால் பயந்தாங்கொள்ளி, வராது என்று சொல்லியிருந்தால் பொய்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து மாமி கொண்டுவந்து கொடுத்த காபியையும் அந்தக் கேள்வியையும் அக்கா இன்றைக்கும் சொல்வாள். சட்டப்படி பார்த்தால் அந்தக் கையெழுத்து, நகல் சரி என்பதற்கான ஒரு உறுதிமொழி, அவ்வளவுதான். நடந்தது என்னவோ ஊரில் பெரியவர் ஒருவர் ஒரு பெண்ணின் எதிர்காலத்தைப் பத்து நிமிஷம் உட்கார்ந்து விசாரித்ததுதான்.

அரசு நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே கட்டவேண்டிய பணம் பெரிய தொகை இல்லை. மாறாக, படிக்கிற பெண்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தார்கள். படிக்கப் போன இடத்தில் நமக்குப் பணம் கொடுக்கிறார்களா என்று பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் உதவித்தொகையில் அக்கா சின்னக் கடை வீதியில் பாட்டிக்கு ஒரு கம்பளி வாங்கி வந்த பிறகுதான், அடையவளஞ்சான் வீதியில் நர்ஸ் வேலையைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தணிந்தது.

என் காலம் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. முன்பெல்லாம் டாக்டர் படிப்புக்கு மார்க்கோடு நேர்முகத் தேர்வும் உண்டு. அந்த நேர்முகத்தைச் சுற்றி யாருடைய சிபாரிசுக் கடிதம் எங்கே போனது என்ற கதைகள் ஊரெங்கும் உண்டு. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு நுழைவுத் தேர்வு கொண்டுவந்தது. பிளஸ் டூ உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்குகளை 200-க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வு 100-ஐக் கூட்டி, மொத்தம் 300. அரை மார்க்குக்குள், கால் மார்க்குக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிற அந்தக் கணக்கைப் பேப்பரும் பென்சிலுமாகத் திண்ணையில் போட்டுப் போட்டுப் பார்த்த நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு இப்போதும் அந்தத் தசமங்கள் நினைவுக்கு வரும்.

விண்ணப்பப் படிவம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் விற்பார்கள். திருச்சியில் அப்போது அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. இவ்வளவு பெரிய ஊர், புத்தூரில் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஆனாலும் படிவம் வாங்கத் தஞ்சாவூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் இங்கே ஒரு கல்லூரி வந்தது தொண்ணூறுகளின் இறுதியில். முத்தமிழ்க் காவலர் என்று பெயரெடுத்த அந்தத் திருச்சிக்காரர் 1994-ல் காலமாகிவிட்டார். தன் பெயரில் வந்த கல்லூரியை அவர் பார்க்கவில்லை. படிவம் வாங்கித் திரும்புகிற பஸ்ஸில் அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு, மடங்கிவிடுமோ என்று திருவெறும்பூர் வரைக்கும் கையை எடுக்காமல் வந்தது நினைவிருக்கிறது. புதுப் படிவத்துக்கு ஒரு வாசனை உண்டு, அச்சு மையும் பசையும் கலந்தது. அந்த வாசனையை இழந்தது சின்ன விஷயம்தான். ஆனாலும் எனக்கு அது இழப்பு.

படிவத்தை நானே நிரப்ப விடவில்லை. வீதியில் முத்து முத்தான கையெழுத்துள்ள ரிட்டயரான ரயில்வே குமாஸ்தா ஒருவர் இருந்தார். எல்லா வீட்டு விண்ணப்பமும் கல்யாணப் பத்திரிகை முகவரியும் அவர் கையால்தான். முதலில் பென்சிலில், பிறகு பிரில் மையில். அவர் எழுதும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். தகப்பனார் தொழில், ஆண்டு வருமானம் என்ற கட்டம் வந்தபோது அவர் பேனாவை எடுத்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அப்பா சொன்ன தொகையை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். இத்தனை வருஷம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, படித்து, தீபாவளிக்குத் துணி எடுத்தது அந்தத் தொகைக்குள் என்று தெரிந்தபோது ஏற்பட்ட கனம், எந்தப் பாடப்புத்தகமும் தராதது.

டி.டி., அதாவது டிமாண்ட் டிராஃப்ட், எடுப்பது தனிச் சடங்கு. லட்சுமி விலாஸ் வங்கியில் சலான் எழுதி, பணமும் கமிஷனும் கட்டி, பித்தளை டோக்கனை உள்ளங்கையில் சுட வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். யார் பேருக்கு, எந்த ஊரில் மாற்றத்தக்கது என்று கேட்ட கிளார்க், சென்னை கீழ்ப்பாக்கத்து மருத்துவத் தேர்வுக்குழுவின் பெயரைப் பார்த்ததும், "டாக்டருக்கா தம்பி? எத்தனை கட் ஆஃப் வரும்?" என்றார். பக்கத்துக் கவுன்டர்காரரும் எழுந்து வந்தார். நகை மீட்க வந்திருந்த ஒரு அம்மா, "என் தம்பி பிள்ளையும் போட்டிருக்கான், உனக்கும் கிடைக்கட்டும் அவனுக்கும் கிடைக்கட்டும்" என்று வாழ்த்தினார். இன்று அந்த வங்கியின் பெயரும் இல்லை. 2020-ல் வேறு வங்கியோடு சேர்ந்துவிட்டது. ஒரு டி.டி. எடுத்து முடிப்பதற்குள் முகம் தெரியாத நாலு பேர் என் விண்ணப்பத்தில் பங்காளிகளாகிவிட்டார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். தபால் நிலையத்தில் ரிஜிஸ்டர் செய்து, ஒப்புகை அட்டையைக் கட்டி அனுப்பினால், அது கையெழுத்தோடு திரும்பி வரும் வரைக்கும் போஸ்ட்மேன் சைக்கிள் மணிக்கு வீடே எழுந்து வாசலுக்கு வரும். அந்த அட்டை வந்ததும் அம்மா அதைப் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஹால் டிக்கெட் வந்தபோது அம்மா என்னைக் கோவிலுக்குள் தன்வந்திரி சன்னதிக்கு அழைத்துப் போனாள். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிப் படிப்புக்கு முயல்கிற பிள்ளைகள் எல்லோரும் போகிற இடம். அந்தச் சன்னதிக்கு ஒரு கதை உண்டு என்று அப்போது தெரியாது, பின்னால் தெரிந்துகொண்டேன். ஹொய்சள அரசர் காலத்தில் இந்தக் கோவிலில் ஒரு ஆரோக்கியசாலை இருந்திருக்கிறது. படையெடுப்பில் அது சிதைந்து, 1493-ல் கருடவாகன பட்டர் வழியில் வந்த ஒருவர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பெருமாளுக்கு இரவில் கஷாயம் சமர்ப்பிக்கிற ஊர் இது. நோயும் மருந்தும் இங்கே கோவில் காரியமாகவே இருந்திருக்கின்றன.

எம்.பி.பி.எஸ். எனக்குக் கிடைக்கவில்லை. மதுரை மருத்துவக் கல்லூரியில் பி.ஃபார்ம். கிடைத்தது. அதற்குக் கட்டவேண்டிய தொகை அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கியது என்றாலும், ஹாஸ்டல் அட்வான்ஸ், மெஸ் டெபாசிட், வெள்ளைக் கோட்டு, புத்தகம், பெட்டி, படுக்கை என்று கூடிக்கொண்டே போனது. ரயில்வே சொசைட்டியில் அப்பா லோன் போட்டார். அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது அவரோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்த இரண்டு பேர். அக்கா தன் சம்பளத்திலிருந்து கொடுத்தாள். பாட்டி, நர்ஸ் வேலையைத் திட்டின அதே பாட்டி, சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பணத்தை அம்மா என் பேன்ட்டின் உள்பக்கத்தில் ஒரு துணிப்பை தைத்து அதற்குள் வைத்தாள். பாண்டியன் பஸ்ஸில் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்தபோதும் அப்பா என் பக்கம் சாய்ந்து, "இருக்கா?" என்பார். "இருக்கு" என்பேன். கல்லூரி அலுவலகத்தில் கேஷியர் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணி, கார்பன் வைத்த ரசீதைக் கிழித்துக் கொடுத்தபோது அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

அதே சமயத்தில் வேறொரு உலகமும் இருந்தது. கர்நாடகத்துத் தனியார் கல்லூரிகளுக்கு நன்கொடை கட்டி மகனை அனுப்புவதற்காக வயலை விற்றவர்களைக் கொள்ளிடக் கரை ஊர்களில் தெரியும். 1992-ல் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நன்கொடையைச் சட்டவிரோதம் என்றது. மறு வருஷமே உன்னிகிருஷ்ணன் வழக்கில் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்துக் கணக்கு வகுத்தது. 2002, 2003, 2005 என்று தீர்ப்புகள் மாறி மாறி வந்தன, அந்த வழியில் கட்டணத்தை நிர்ணயிக்கக் குழுக்களும் வந்தன. தீர்ப்பு ஒவ்வொன்றும் பேப்பரில் வந்த நாளில் யாரோ ஒரு தகப்பனார் அதைக் கத்தரித்து வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். இன்னொரு பக்கம் வேலூர் சி.எம்.சி. 1909-ல் நர்ஸுகளுக்கும் 1918-ல் பெண் மருத்துவர்களுக்கும் பயிற்சி தொடங்கி, 1946-ல் நர்ஸிங்கைப் பட்டப் படிப்பாக்கிய இடம் அது. ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்தக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்புக் கட்டணம் பல வருஷங்கள் ஆண்டுக்கு 3,000 ரூபாயாகவே இருந்தது. நிர்வாக ஒதுக்கீட்டில் வருஷத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டி வாங்குகிற இடங்களும் இதே மாநிலத்தில்தான் இருக்கின்றன. மருத்துவம் சொல்லிக்கொடுக்க இவ்வளவு செலவாகும் என்று யாராவது கறாராகச் சொல்லும்போது எனக்கு வேலூர்தான் ஞாபகம் வரும்.

அக்காவின் பேத்தி 2025 மே 4-ம் தேதி நீட் எழுதினாள். அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நாள். 180 கேள்வி, 720 மார்க். நாங்கள் எழுதிய நுழைவுத் தேர்வை 2006-ல் சட்டம் போட்டு எடுத்து, 2007-லிருந்து பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்கே போதும் என்றிருந்து, 2017-ல் நீட் வந்து சேர்ந்தது. தேர்வு மைய வாசலில் அவளுடைய கம்மலையும் கிளிப்பையும் கழற்றி வாங்கிக்கொண்டு அவள் அம்மா நின்றாள். என்னைப் பரீட்சைக்கு அனுப்பும்போது என் அம்மா நெற்றியில் திருமண் இட்டு, புதுச் சட்டை போட்டு அனுப்பினாள். இப்போது எதையெல்லாம் போடக்கூடாது என்று பட்டியல். அந்த வெயிலில் நிற்கும்போது, பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200-க்கு 1176 வாங்கியவள், பழைய கணக்கில் இடம் நிச்சயமாயிருந்தவள். நீட் வந்ததால் அந்த இடம் கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். அதன் பிறகு 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. முதல் வருஷமே நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த வழியில் மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்ந்தார்கள். அவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினொரு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள், அரியலூரிலும் ஒன்று. படிவம் வாங்கவே தஞ்சாவூர் போன எனக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். இவற்றில் எதையும் பழைய காலத்துக்காக விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

நீட்டில் எதிர்பார்த்தது வராமல், பேத்தி பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு விண்ணப்பம் போட்டாள். தமிழ்நாட்டில் நர்ஸிங், பார்மசி, பிசியோதெரபி போன்றவற்றுக்கு 2025-லும் பிளஸ் டூ மார்க்தான். தேர்வுக்குழுவும் அதே கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக்குழுதான். நடுராத்திரியில், சர்வரில் கூட்டம் குறைந்திருக்கும் என்று, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து செல்போனிலேயே முடித்துவிட்டாள். போட்டோவை இத்தனை கே.பி.க்குள் சுருக்கு என்றது, சுருக்கினாள். சாதிச் சான்றிதழை இ-சேவையில் எடுத்திருந்தாள். அட்டெஸ்டேஷன் யாரிடமும் வாங்கவில்லை. சுய சான்றொப்பம் போதும் என்று 2014 வாக்கிலேயே அரசாங்கம் சொல்லிவிட்டது. அக்னாலட்ஜ்மென்ட் கார்டுக்கும் வேலையில்லை. பதிவுத் தபாலையே 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண்ணும் அதே நிமிஷத்தில் அதே பக்கத்தைத் திறந்து, யார் திண்ணையிலும் நிற்காமல், யாருக்கும் கும்பிடு போடாமல் விண்ணப்பிக்க முடிகிறது. கீழச்சித்திரை வீதி டாக்டர் நல்லவர். அப்படி ஒருவர் வசிக்காத வீதிகள் எத்தனையோ இருந்தன என்பதை நினைத்தால் இந்த மாற்றத்தை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒன்று நடந்தது. ஒரு தனியார் கல்லூரிக்கு அவள் தனியாகப் போட்ட விண்ணப்பத்தில் பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, ரசீது வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் யாரையும் எழுப்பவில்லை. விடியும் வரைக்கும் தனியாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பணம் பிறகு திரும்பி வந்துவிட்டது. அதைக் கேட்டபோது எனக்கு லட்சுமி விலாஸ் வங்கி பெஞ்சும், நகை மீட்க வந்த அந்த அம்மாவும் நினைவுக்கு வந்தார்கள். பதினேழு வயசுப் பிள்ளை தன் வாழ்க்கையின் பெரிய காரியத்தைச் செய்யும்போது பக்கத்தில் ஒரு மனுஷர்கூட இல்லை. நாம் இழந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பணம் கட்டுகிற முறையும் மாறியது. அரசு ஒதுக்கீட்டில், ஆனால் சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலோடு சேர்த்து நாலு வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஆகும். எனக்காக அப்பா சொசைட்டியில் வாங்கிய லோனில் அப்பாவின் கையெழுத்தும், இரண்டு ஒர்க்‌ஷாப் நண்பர்களின் கையெழுத்தும் இருந்தன. என் கையெழுத்து இல்லை. இன்று கல்விக் கடனில் முதல் கையெழுத்து பிள்ளையுடையது, பெற்றோர் கூட்டுக் கடன்தாரர். ஒரு வரம்பு வரைக்கும் ஈடு வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்ட ஆரம்பித்தால் போதும். வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் தமிழ்நாடு அரசின் சலுகை 2010 முதல் இருக்கிறது. எல்லாம் நல்ல ஏற்பாடு. இவை இல்லாவிட்டால் எத்தனையோ பெண்கள் படித்திருக்கவே முடியாது. ஆனால் சம்பாதிக்கத் தொடங்குவதற்கு முன்பே கடன்காரியாகிவிட்ட பெண், வார்டில் மனசு வைத்து வேலை பழகுவதா, தவணையை நினைத்து வெளிநாட்டு ஏஜென்ட்டிடம் ஓடுவதா என்று குழம்பும்போது அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்கிற பெண்ணுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து நர்ஸாக்கிய காலத்தை என் கண்ணால் பார்த்தவன் நான்.

இதில் இன்னொரு வருத்தமும் சேர்ந்திருக்கிறது. கடை மாடியில் பலகை மாட்டி, ஒரு வருஷத்தில் நர்ஸ், நூறு சதவீதம் வேலை என்று எழுதி, ஏழை வீட்டுப் பெண்களிடம் பணம் வாங்குகிற இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு பெண் அப்படிச் சேர்ந்து, படித்து முடித்து, பதிவு செய்யப் போனபோதுதான் அந்தச் சான்றிதழுக்குக் காகித விலைகூட இல்லை என்று தெரிந்தது. கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அது இந்திய நர்ஸிங் கவுன்சில் பட்டியலிலும், தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பட்டியலிலும், பட்டப் படிப்பென்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பிலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். செல்போனில் ஐந்து நிமிஷ வேலை. முன்பு திண்ணை டாக்டர் சொல்லியிருப்பார், அங்கெல்லாம் போகாதே என்று.

அக்கா இப்போது ரிட்டயராகி, அதே அடையவளஞ்சான் வீதியில் இருக்கிறாள். பழைய ஓட்டு வீடுகள் போய் இரண்டு பக்கமும் அபார்ட்மென்ட்கள். நர்ஸ் வேலைக்கா என்று அன்று தலையாட்டியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று லண்டனிலும் துபாயிலும் நர்ஸுகள். அவர்களுக்கு வரன் பார்க்கும்போது அந்த உத்தியோகம்தான் முதலில் சொல்லப்படுகிறது. கொரோனா நாட்களில் எந்த நேரமும் அக்கா வீட்டுக் கதவைத் தட்டி ஆக்சிமீட்டரில் என்ன எண் என்று காட்டிக் கேட்டவர்களும் அதே வீட்டுக்காரர்கள்தான். அக்கா ஒருவரிடமும் பழைய பேச்சை எடுத்ததில்லை.

பேத்தி விண்ணப்பத்தில் கடைசிப் பட்டனை அழுத்திவிட்டாள் என்று தெரிந்த மறுநாள் அக்கா அவளை வாசலுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். திண்ணை இல்லை, படிக்கட்டுதான். "எல்லா சர்டிபிகேட்டையும் எடுத்துக்கிட்டு வாடி" என்றாள். ஒவ்வொன்றாக வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். கெமிஸ்ட்ரியில் ஏன் குறைந்தது என்று கேட்டாள். ராத்திரி டூட்டிக்கு உடம்பு தாங்குமா, கத்துகிற நோயாளியிடம் பொறுமையாகப் பேசுவாயா, கிழவியைக் கழுவி விடச் சொன்னால் முகம் சுளிப்பாயா என்று கேட்டாள். "பாட்டி, இதையெல்லாம் அந்த வெப்சைட்டில் கேட்கவே இல்லை" என்றாள் பேத்தி. "அதனாலதான் நான் கேட்கிறேன்" என்றாள் அக்கா. நான் காபி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாடி வீட்டுப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. அவளும் அந்த வருஷம் பி.எஸ்சி. ரேடியாலஜிக்குப் போட்டிருந்தாள். ஒரு வாரம் கழித்துத் தன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, "பாட்டி, என்னையும் கேளுங்க" என்றாள். பிறகு வடக்கு வாசல் பக்கத்திலிருந்து தங்கையையும் கூட்டிக்கொண்டு ஒரு பையன், பிசியோதெரபிக்கு. கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது, எந்த பேங்க்கில் கடனுக்கு அலைய விடமாட்டார்கள், எந்த ஹாஸ்டலில் தண்ணீர்க் கஷ்டம் என்பதெல்லாம் இப்போது பேத்தி பார்த்துக்கொள்கிறாள். அவள்தான் செல்போனில் கட்டங்களை நிரப்புகிறாள். கேள்வி கேட்பது அக்காவின் வேலை. இந்த ஜூனுக்கு யார் யார் வருகிறார்கள் என்று இப்போதே ஒரு நோட்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.